ரெட் அலர்ட் என்றார்கள், தூறல்கூட இல்லை: மழை எச்சரிக்கையைப் புரிந்துகொள்வதும் புரியவைப்பதும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழ் பேசுவோர் மிகுந்து வாழும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களில் ஆண்டுதோறும் ஒரே பேச்சு கிளம்பும். முந்தின நாள் மாலை எல்லாருடைய செல்பேசிக்கும் ‘பாலக்காடு மாவட்டத்துக்கு ரெட் அலர்ட்’ என்ற செய்தி வந்துசேரும். பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்படும். மறுநாள் பிள்ளைகள் நல்ல வெயிலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். “கலெக்டர் லீவு விட்டா அன்னிக்கு மழை வராதுங்க” என்பது டீக்கடைகளில் அலுக்காமல் சொல்லப்படும் நகைச்சுவை. அதே நாளில், அதே மாவட்டத்தைச் சேர்ந்த நெல்லியாம்பதி மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றிருக்கும்.

இரண்டு காட்சிகளும் உண்மை. முன்னறிவிப்பும் பெரும்பாலும் தவறாக இருப்பதில்லை. அது எந்த அளவைப் பற்றி, எந்தப் பரப்பைப் பற்றி, எந்த நேரத்தைப் பற்றி, எவ்வளவு உறுதியோடு பேசுகிறது என்ற விவரங்கள் வானிலை மையத்திலிருந்து வீட்டு வாசலுக்கு வருவதற்குள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. எளிமைப்படுத்துவதாக நினைத்துச் செய்யப்படும் இந்த உதிர்ப்புதான், அறிவியலைப் பொதுமக்களுக்குச் சொல்வதில் நடக்கும் மிகப் பெரிய பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். மழை எச்சரிக்கை இதற்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு; ஏனெனில் இதில் தவறாகப் புரிந்துகொள்வதன் விலை உயிராகவும் இருக்கக்கூடும்.

அளவு: மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்

மழையை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். பெய்த நீர் ஓடாமல், மண்ணில் ஊறாமல், ஆவியாகாமல் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ அதுவே அந்த அளவு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். இந்திய வானிலை ஆய்வுத் துறை 24 மணி நேர மழையைப் பின்வருமாறு வகைப்படுத்துகிறது.

1. கனமழை: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை.
2. மிக கனமழை: 115.6 முதல் 204.4 மி.மீ. வரை.
3. அதி கனமழை: 204.5 மி.மீ. அல்லது அதற்கு மேல்.

வெறும் எண்ணாகச் சொன்னால் இவை மனத்தில் தங்குவதில்லை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர். கனமழையின் தொடக்க அளவான 64.5 மி.மீ. அதன்மேல் பெய்தால் 6,000 லிட்டர் விழும். அதி கனமழை தொடங்கும் அளவில் 19,000 லிட்டர் விழும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில், 12,000 லிட்டர் லாரி ஒன்றரை முறை ஒரே மாடியில் கொட்டியதாகச் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

‘24 மணி நேரம்’ என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. ஆகவே 29ஆம் தேதி நள்ளிரவில் கொட்டிய மழை 30ஆம் தேதிக் கணக்கில் வரும். நாளிதழில் வந்த எண்ணையும் தன் நினைவில் உள்ள மழையையும் ஒப்பிட்டு, ‘அன்றைக்கு எங்கே பெய்தது?’ என்று கேட்பவர் பல நேரங்களில் நாளைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார்.

எல்லையோர வாசகருக்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கேரள அறிவிப்புகளில் ‘அதிசக்தமாய மழ’ என்று வருவது 115.6 முதல் 204.4 மி.மீ. வரையிலான நடுப்படி, தமிழ்நாட்டு அறிவிப்பில் ‘அதி கனமழை’ என்பது அதற்கு மேலுள்ள கடைசிப் படி. இரண்டு மாநிலத் தொலைக்காட்சிகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டில் இவை ஒன்றென்றே எடுத்துக்கொள்ளப்படும். அறிவிப்பில் அடைமொழியோடு மில்லிமீட்டர் எண்ணும் இருந்துவிட்டால் இந்தக் குழப்பம் எழாது.

இடம்: ‘ஓரிரு இடங்களில்’ என்பது இட்டு நிரப்பிய சொல்லன்று

வானிலை அறிக்கைகளில் வரும் இடச்சொற்கள் ஒவ்வொன்றுக்கும் வரையறை உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால், குறிப்பிட்ட பரப்பில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை. ‘ஒரு சில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 சதவீதம். ‘அநேக இடங்களில்’ என்பது 51 முதல் 75 சதவீதம். ‘பெரும்பாலான இடங்களில்’ என்பது அதற்கும் மேல். கனமழை எச்சரிக்கைகளில் மிக அதிகமாக வருவது முதலாவது சொல்தான். பேச்சுவழக்கில் ‘ஓரிரு’ என்பதை நாம் பொருட்படுத்தாமல் கடந்துவிடுவதால், அது சம்பிரதாயத்துக்குச் சேர்த்த சொல் என்று செய்தியாளர்களும் எண்ணிவிடுகிறார்கள் போலும்.

எச்சரிக்கை மாவட்ட வாரியாக வருகிறது. பாலக்காடு 4,400 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட மாவட்டம். வடக்கே அட்டப்பாடியும் சிறுவாணி மலைகளும், தெற்கே நெல்லியாம்பதியும் பரம்பிக்குளமும், நடுவே மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயும் அதில் அடங்கும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாயில் அக்காற்றுக்கு ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. அது வேகமாக வீசிக் கிழக்கே போய்விடுகிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பதும், சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பஞ்சாயத்துகள் மழைமறைவுப் பகுதியாக இருப்பதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறத்தைப் பூசினால், மலையில் இருப்பவருக்கு அது குறைவாகச் சொன்னதாகவும் கணவாயில் இருப்பவருக்கு மிகையாகச் சொன்னதாகவும் ஆகிவிடுகிறது.

வாய்ப்பு: எட்டில் ஒன்று எப்படி வருகிறது

‘பெய்யக்கூடும்’, ‘பெய்ய வாய்ப்புள்ளது’ போன்ற தொடர்களுக்குப் பின்னாலும் எண்கள் நிற்கின்றன. வானிலைத் துறையின் வழக்கில், வாய்ப்பின் அடிப்படை நிலை ஏறக்குறைய 25 முதல் 50 சதவீதம் வரை. அடுத்த நிலை 75 சதவீதம் வரை. மிக உறுதியான நிலை அதற்கும் மேல். முதல் நிலையில் சொல்லப்பட்ட மழை பாதிக்கும் மேற்பட்ட முறை பெய்யாமல் போவதற்கு இடமுண்டு என்பதைச் சொன்னவர் அறிந்தே சொல்கிறார்.

இடக் கணக்கையும் வாய்ப்புக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் தனி ஊரின் நிலை தெரியும். அதைப் படிப்படியாகப் போடலாம்.

1. அறிக்கை ‘ஓரிரு இடங்களில் மிக கனமழை பெய்ய வாய்ப்புள்ளது’ என்கிறது.
2. ‘வாய்ப்புள்ளது’ என்பதற்கு முதல் நிலையின் மேல் வரம்பான 50 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம்: இரண்டில் ஒரு முறை.
3. அப்படியே பெய்தாலும் அது நான்கில் ஒரு பங்கு இடங்களில்தான் பெய்யும்.
4. எல்லா இடங்களுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஏதேனும் ஓர் ஊரில் மிக கனமழை பெய்யும் வாய்ப்பு பாதியில் கால் பங்கு, அதாவது எட்டில் ஒன்று.

முன்னறிவிப்பு முற்றிலும் சரியாக இருக்கும்போதே, எட்டு எச்சரிக்கைகளில் ஏழு முறை அந்த ஊரில் மிக கனமழை பெய்யாது. நான்காவது படியில் உள்ள ‘சம வாய்ப்பு’ என்ற எடுகோளும் உண்மையில் பொருந்தாது: சிறுவாணிச் சரிவுக்கு வாய்ப்பு இதைவிடக் கூடுதல், வேலந்தாவளத்துக்கு இதைவிடக் குறைவு. ஆகவே டீக்கடை நகைச்சுவைக்குக் கணக்கின் ஆதரவு உண்டு. அதிலிருந்து ‘வானிலைத் துறைக்கு ஒன்றும் தெரியாது’ என்று எட்டும் முடிவுக்குத்தான் ஆதரவு இல்லை.

இப்போது மேற்கண்ட அறிக்கை செய்தியாகும் விதத்தைக் கவனிக்கலாம். ‘கேரளாவில் ஓரிரு இடங்களில் மிக கனமழை பெய்ய வாய்ப்புள்ளது’ என்பது மூல வாக்கியம். தலைப்புக்கு இடம் போதாமல் ‘ஓரிரு இடங்களில்’ போகிறது. பிறகு ‘வாய்ப்புள்ளது’ போய், ‘கேரளாவில் நாளை மிக கனமழை’ ஆகிறது. வாட்ஸ்அப்பில் அது ‘நாளைக்குக் கொட்டப்போகுது, யாரும் வெளியே போகாதீங்க’ என்று வந்துசேர்கிறது. எண்ணை யாரும் திரிக்கவில்லை, பொய்யாக எதையும் சேர்க்கவும் இல்லை. சொற்களைக் குறைத்த அளவிலேயே ஓர் உண்மை வாக்கியம் பொய் வாக்கியமாகிவிட்டது.

நிறம்: ஒரே சிவப்புக்கு இரண்டு பொருள்

பச்சைக்கு நடவடிக்கை ஏதும் வேண்டாம். மஞ்சளுக்குத் தகவல்களைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆரஞ்சுக்குத் தயார் நிலையில் இருக்க வேண்டும். சிவப்புக்கு நடவடிக்கை எடுக்க வேண்டும். மழை எச்சரிக்கையின் நிறங்கள் இவ்வளவே. நடைமுறையில் கேரளப் பேரிடர் மேலாண்மை அறிவிப்புகள் மஞ்சளைக் கனமழையோடும், ஆரஞ்சை மிக கனமழையோடும், சிவப்பை அதி கனமழையோடும் இணைத்தே விளக்குகின்றன. கொள்கையளவில் நிறம் மழையின் அளவை மட்டும் குறிப்பதில்லை. நிகழும் வாய்ப்பும் விளையும் பாதிப்பும் சேர்ந்த முடிவு அது. அரசு இயந்திரம் எந்த அளவுக்கு விழிப்போடு இருக்க வேண்டும் என்பதற்கான குறியீடாக அது உருவானது. பள்ளி மாணவர்களிடையே அது விடுமுறைக் குறியீடாக மாறியிருப்பது தனிக்கதை.

அணைகளுக்கும் கேரளத்தில் நிற எச்சரிக்கை உண்டு. இடுக்கி போன்ற அணைகளில் நீர்மட்டம் உயர உயர நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக அறிவிக்கிறார்கள். அங்கே சிவப்பு என்பது மதகு திறக்கும் நிலை நெருங்கிவிட்டது என்பதைச் சொல்கிறது. மழை பெய்கிறதா இல்லையா என்பதை அது சொல்வதில்லை. தமிழ்நாட்டு நீர்வளத் துறை நிறங்களுக்குப் பதிலாக ‘முதல்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை’, ‘இரண்டாம்கட்ட எச்சரிக்கை’ என்ற முறையைப் பின்பற்றுகிறது. முல்லைப்பெரியாறு அணையில் 136 அடியில் முதல்கட்ட எச்சரிக்கை விடப்படுவது வழக்கம். குமுளியிலோ வண்டிப்பெரியாற்றிலோ இருக்கும் ஒருவருக்கு ஒரே மாலையில் மழைக்கான ஆரஞ்சும், இடுக்கி அணைக்கான நீலமும், முல்லைப்பெரியாற்றுக்கான முதல்கட்ட எச்சரிக்கையும் வந்துசேர வாய்ப்புண்டு. இவற்றில் எது அவருடைய வீட்டைப் பற்றியது என்று அந்தச் செய்திகளில் எதுவும் சொல்வதில்லை.

அலகுகளிலும் இதே கலப்பு நடக்கிறது. ‘அடி’ என்பது நீர்மட்டம். ‘கன அடி’ என்று செய்திகளில் வருவது விநாடிக்கு இத்தனை கன அடி என்ற ஓட்டம். 1 கன அடி ஏறக்குறைய 28.3 லிட்டர். ‘டிஎம்சி’ என்பது கொள்ளளவு, அதாவது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டிஎம்சி ஆகும். ‘அணையில் இரண்டடி ஏறிவிட்டது’ என்ற செய்தியையும் ‘இரண்டாயிரம் கன அடி திறப்பு’ என்ற செய்தியையும் ஒரே தட்டில் வைத்து அஞ்சுபவருக்கு இந்த மூன்று வேறுபாடுகளை ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும்.

துல்லியத்துக்கு எல்லை ஏன் இருக்கிறது

செயற்கைக்கோளும் ரேடாரும் சூப்பர் கம்ப்யூட்டரும் இருக்கும்போது ஊர் வாரியாக ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி நியாயமானது. கணினி மாதிரிகள் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்ட உலகளாவிய மாதிரியின் கட்டம் 12 கிலோமீட்டர். 2025 மே மாதம் தொடங்கப்பட்ட புதிய ‘பாரத் முன்னறிவிப்பு அமைப்பு’ அதை 6 கிலோமீட்டராகக் குறைத்தது. பெரிய கட்டத்துக்குள் மலையும் சமவெளியும் அடங்கிவிட்டால், மாதிரியின் பார்வையில் அவ்விடம் பாதி மலையும் பாதி சமவெளியுமான, எங்குமே இல்லாத ஒரு நிலம்.

கட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போனாலும் இன்னொரு தடை நிற்கிறது. தொடக்க அளவீட்டில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் நாட்கள் செல்லச் செல்லப் பெருகி முற்றிலும் வேறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் கணிதமாகவே காட்டினார். அதனால்தான் இன்று ஒரே மாதிரியைச் சற்றே மாறுபட்ட தொடக்க நிலைகளோடு பல முறை ஓட்டி, எத்தனை ஓட்டங்களில் கனமழை வருகிறது என்று பார்க்கிறார்கள். ‘வாய்ப்பு’ என்று சொல்லப்படுவதற்கு முதன்மையான அடிப்படை அதுவே. அறிவிப்பாளரின் தயக்கம் என்று அதை வாசிப்பது தவறு. நேரம் நெருங்க நெருங்க நிச்சயமின்மை குறைவதால், ‘அடுத்த மூன்று மணி நேரத்தில்’ என்று ரேடாரை வைத்துத் தரப்படும் உடனடி அறிவிப்பு, மூன்று நாள் முன்னறிவிப்பைவிட நம்பகமானது. இரண்டையும் ஒரே எடையோடு பகிர்வது பிழை.

புரியாமல் போனதன் விலை: பெட்டிமுடி, முண்டக்கை

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அருகே ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் நிலச்சரிவு ஏற்பட்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தன. இறந்தவர்களும் காணாமற்போனவர்களுமாக 70 பேர். பெரும்பாலோர் தூத்துக்குடி மாவட்டத்தின் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த 24 மணி நேரத்தில் அங்கே பெய்த மழை 600 மி.மீ.யைத் தாண்டியது, அதி கனமழையின் தொடக்க அளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால், நிலச்சரிவு நடந்த செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆனது. செய்தி வெளியே வர முடியாத இடத்துக்கு எச்சரிக்கை உள்ளே போயிருக்கவும் முடியாது. விளக்கத்தின் தெளிவைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அது கடைசி லயம் வரை போய்ச் சேரும் வழியைப் பற்றிப் பேசாவிட்டால் பாதிப் பேச்சுதான்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிகழ்ந்த நிலச்சரிவில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எல்லைக்கு இந்தப்புறம், நீலகிரியின் பந்தலூர் வட்டத்தில் அந்தச் செய்தி பக்கத்து ஊர்ச் செய்தி. மறுநாளே ‘எச்சரிக்கை தரப்பட்டதா’ என்ற சர்ச்சை எழுந்தது. 23ஆம் தேதியே முன்னெச்சரிக்கை தரப்பட்டதாக மத்திய உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் கூறினார். 115 முதல் 204 மி.மீ. வரை என்ற ஆரஞ்சு எச்சரிக்கைதான் இருந்தது, 48 மணி நேரத்தில் பெய்ததோ 572 மி.மீ., சிவப்பு எச்சரிக்கை நிலச்சரிவுக்குப் பிறகே வந்தது என்று கேரள முதல்வர் பதிலளித்தார்.

அரசியல் ஒருபுறம் இருக்க, இந்தச் சர்ச்சையை வாசித்த பொதுமக்களுக்குத் தேவைப்பட்ட விளக்கம் பின்வருவது. மழை முன்னறிவிப்பு வானிலை ஆய்வுத் துறையின் வேலை. நிலச்சரிவு முன்னறிவிப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வேலை. மக்களை வெளியேற்றும் முடிவு மாநில, மாவட்ட நிர்வாகத்தின் வேலை. பல நாட்களுக்கு முன் ஒரு மண்டலத்துக்குத் தரும் பொதுவான மழைக் குறிப்பும், ஒரு சரிவின் கீழ் வாழும் குடும்பத்துக்கு ‘இன்றிரவு இங்கே தங்காதே’ என்று சொல்வதும் வேறு வேறு அறிவிப்புகள். முதலாவது இருந்ததைக் காட்டி இரண்டாவது இருந்ததாக வாதிட முடியாது. இரண்டாவது இல்லாததைக் காட்டி முதலாவது பொய் என்றும் சொல்ல முடியாது. நிலச்சரிவுக்கு அன்றைய மழை மட்டும் காரணமாவதும் இல்லை: முந்தைய நாட்களில் மண் எவ்வளவு ஊறியிருந்தது, சரிவின் கோணம் என்ன, மேலே ஓடை எப்படிப் பாய்கிறது என்பவையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

‘எத்தனை முறை சரி’ என்று எண்ணுவதில் உள்ள பொறி

முன்னறிவிப்பை மதிப்பிட நினைப்பவர்கள் முதலில் கேட்பது ‘நூற்றுக்கு எத்தனை சரி?’ என்பது. அந்தக் கேள்வியே தவறாக வழிநடத்தும் என்பதற்கு 1884ஆம் ஆண்டின் ஒரு நிகழ்வு பாடநூல் சான்றாகிவிட்டது. அமெரிக்க ராணுவத்தின் வானிலைப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி ‘டொர்னாடோ’ எனப்படும் சூறாவளிச் சுழல்களை முன்னறிவிக்க முயன்றார். அவர் தந்தவை மொத்தம் 2,803 முன்னறிவிப்புகள். அவற்றில் 2,708 சரி. 96.6 சதவீதத் துல்லியம் என்பது வியக்கத்தக்க எண்தான். அமெரிக்கப் புவியியல் அறிஞர் ஜி. கே. கில்பர்ட் அதைப் பிரித்துப் பார்த்தார். சுழல் வரும் என்று ஃபின்லி சொன்னது 100 முறை. வந்தது 28 முறை. வராது என்று சொல்லி வந்துவிட்டது 23 முறை. வராது என்று சொல்லி வராமல் இருந்தது 2,680 முறை. இந்தக் கடைசி எண்தான் துல்லியத்தைத் தூக்கி நிறுத்துகிறது. ஒன்றுமே கணக்கிடாமல் எல்லா நாளும் ‘வராது’ என்று சொல்லியிருந்தால் துல்லியம் 98.2 சதவீதம் ஆகியிருக்கும்!

ஆகவே மதிப்பீட்டுக்கு நான்கு பெட்டிகள் வேண்டும்: சொல்லிப் பெய்தது, சொல்லிப் பெய்யாதது, சொல்லாமல் பெய்தது, சொல்லாமல் பெய்யாதது. இரண்டாவது பெட்டி நிரம்பினால் மக்கள் நம்பிக்கை இழக்கிறார்கள். மூன்றாவது பெட்டி நிரம்பினால் உயிர் போகிறது. ஒன்றைக் குறைக்க முனைந்தால் மற்றது கூடும். இரண்டுக்கும் இடையே எங்கே கோடு போடுவது என்பது அறிவியல் தனியாக எடுக்கும் முடிவன்று. பேரிடர் நிர்வாகம் வேண்டுமென்றே மூன்றாவது பெட்டியைச் சிறிதாக்கப் பார்க்கிறது. கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளின் கிரிக்கெட் அந்த முடிவின் செலவுக் கணக்கில் வருகிறது. இதை வெளிப்படையாகச் சொல்லாமல் ஒவ்வொரு முறையும் ‘கட்டாயம் பெய்யும்’ என்ற தொனியில் அறிவிப்பதால்தான், செலவாக ஏற்றுக்கொள்ள வேண்டியது ஏமாற்றமாக உணரப்படுகிறது என்பது என் கணிப்பு.

வகுப்பறையில் இதை எப்படிச் செய்வது

எல்லையோரத் தமிழ்வழிப் பள்ளிகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்கள் செலவே இல்லாமல் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள தகர டப்பாவோ பிளாஸ்டிக் ஜாடியோ ஒன்றை, மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் வைத்து, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுவே மி.மீ. மழை. டப்பாவின் அகலம் எவ்வளவாக இருந்தாலும் விடை மாறாது என்பதை மாணவர்கள் முதலில் நம்புவதில்லை. பெரிய டப்பாவில் அதிக நீர் விழும், ஆனால் அது அதிகப் பரப்பில் பரவி நிற்கும் என்பதை இரண்டு டப்பாக்களை அருகருகே வைத்து அவர்களே கண்டுகொள்ளட்டும். காலை 8.30 மணிக்கு, பள்ளி மணி அடிப்பதற்கு முன், ஒரு மாணவர் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். விடுமுறை நாட்களிலும் யாரேனும் அளப்பதற்கு ஏற்பாடு வேண்டும், ஏனெனில் எச்சரிக்கை விடப்பட்ட நாட்கள்தான் பெரும்பாலும் விடுமுறை நாட்கள்.

பதிவேட்டின் அடுத்த கட்டத்தில் அன்றைய மாவட்ட எச்சரிக்கையின் நிறம், இடச்சொல், வாய்ப்புச்சொல் மூன்றும் மூல அறிக்கையில் உள்ளபடியே எழுதப்பட வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை 122 நாட்கள். முடிவில் நான்கு பெட்டிகளையும் நிரப்பிய பிறகு, அட்டப்பாடியிலோ நெல்லியாம்பதியிலோ உள்ள பள்ளியின் பதிவேட்டோடு ஒப்பிட்டால், ஒரே மாவட்டத்துக்கு விடப்பட்ட ஒரே எச்சரிக்கை இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக முடிந்திருப்பது மாணவர் கைப்பட எழுதிய எண்களில் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை, மழைமறைவு, நிகழ்தகவு ஆகிய மூன்று பாடங்களையும் தனித்தனியே நடத்துவதைவிட இந்தப் பதிவேடு ஒன்றின் வழியே நடத்துவது பயன் தரும்.

ஊருக்கு எப்படிச் சொல்வது

2023இல் மாநிலம் மாநிலமாகச் செல்பேசிகள் அலறிய பேரிடர் எச்சரிக்கைச் சோதனை பலருக்கு நினைவிருக்கும். அந்த முறையில் செய்தி ஒரு கோபுரத்தின் வரம்புக்குள் இருக்கும் எல்லாச் செல்பேசிகளுக்கும் போகிறது. வேலந்தாவளத்தில் நிற்பவரின் செல்பேசி கோவை மாவட்டக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் அவருக்கு வருவது கோவைக்கான செய்தியாக இருக்கும். கேரளம் 2025இல் தொடங்கிய ‘கவசம்’ என்ற பேரிடர் எச்சரிக்கை அமைப்பில் சைரன்களும் உண்டு. சைரனால் கவனத்தைத் திருப்ப முடியும்; என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருவர் வாயால் சொன்னால்தான் உண்டு. வார்டு உறுப்பினர், ஆஷா பணியாளர், ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பவர், தோட்டத்துச் சூப்பர்வைசர் ஆகியோரே இங்கு உண்மையான அறிவியல் விளக்குநர்கள். அவர்களிடம் பக்கம் பக்கமான வழிகாட்டி நூலைக் கொடுப்பதைவிட, நிரப்பிப் படிக்கக்கூடிய தமிழ் வாசகம் ஒன்றைக் கொடுப்பது உதவும். அதில் இடம்பெற வேண்டியவை:

1. எந்த நாள் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை.
2. மாவட்டத்தின் எந்தப் பகுதியில், எவ்வளவு மழை.
3. எவ்வளவு உறுதியாகத் தெரியும். அடுத்த தகவல் எப்போது வரும்.
4. இந்த ஊருக்கு அதனால் என்ன ஆகலாம்.
5. யார், என்ன செய்ய வேண்டும்.

நான்காவதுதான் வழக்கமாக விடுபடுகிறது. வறண்ட ஊர்களுக்கு அதுவே மிக முக்கியம். ஆழியாறு அணை பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறது. அதிலிருந்து வரும் ஆறு மூலத்தரை வழியாகக் கேரளத்துக்குள் நுழைந்து சித்தூர்ப்புழையாக ஓடுகிறது. ஆனைமலையில் பெய்த மழைக்கு அணை நிரம்பித் திறந்தால், மேகமே இல்லாத ஊரின் படித்துறையில் தண்ணீர் ஏறும். எனவே சித்தூர் வட்டத்துக்கான வாசகம் ஏறக்குறைய இப்படி அமையலாம்:

“நாளைக் காலை எட்டரை மணியிலிருந்து மறுநாள் காலை எட்டரை மணி வரை, நம் மாவட்டத்து மலைப்பகுதிகளில் ஒன்றிரண்டு இடங்களில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மழை பெய்ய வாய்ப்பிருக்கிறது. நம் ஊரில் மழை பெய்யாமலும் போகலாம். மலையில் பெய்து ஆழியாறு திறந்துவிட்டால் புழையில் சட்டென்று தண்ணீர் கூடும். நாளை மாலை வரை யாரும் புழையில் குளிக்கவோ துவைக்கவோ இறங்க வேண்டாம். மாடுகளைக் கரையில் கட்ட வேண்டாம். அணை திறப்பது பற்றிய அடுத்த தகவலை இன்று இரவு எட்டு மணிக்குச் சொல்கிறோம்.”

இதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எட்டு மணிக்குச் சொல்ல வேண்டிய அந்தத் தகவல் தமிழ்நாட்டு நீர்வளத் துறையிடமிருந்து பாலக்காடு மாவட்ட நிர்வாகத்துக்கும், அங்கிருந்து பஞ்சாயத்துக்கும் எத்தனை மணிக்கு வந்துசேர்கிறது என்பதைப் பொறுத்தே வாசகத்தின் கடைசி வரியை ஒலிபெருக்கியில் படிக்க முடியும்.